புங்கமரத்தை வெட்ட மனு கொடுத்தேன்

போன செவ்வாய்க்கிழமை காலை, நெய்வேலியில் என் குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு கொலை நடப்பதாக இருந்தது. ஏற்பாடு செய்தவன்... நான்தான்!

பதறாதீர்கள். சாகவிருந்தது வாசல் புங்கமரம். ஒரு வருஷமாக உச்சிக் கிளைகள் காய்ந்துகொண்டே வந்தன. கார் மேல் விழுந்தால்? 'பட்டுப்போன மரம், ஆபத்து' என்று டவுன்ஷிப் ஆபீசில் மனு கொடுத்தேன். ரம்பத்தோடு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். கூடவே, கிளைகளை அள்ள அஞ்சலை. பக்கத்துக் கிராமத்துக்காரர், கான்ட்ராக்டில் தோட்ட வேலை.

கயிறு கட்டும் நேரத்தில், "கொஞ்சம் இருங்கப்பா" என்றார் அஞ்சலை. கீழ்க்கிளையை நகத்தால் சுரண்டினார். உள்ளே பச்சை!

"மரம் உசுரோடதாங்க இருக்குது. அடியில இன்னாத்த கொட்டி வச்சிக்கினு இருக்கீங்க?"

"சாம்பல்" என்றேன், பெருமையாக.

அனல்மின் நிலையம் இருக்கும் நம் ஊரில் பள்ளம் என்றால் வேறு எதைக் கொட்டுவோம்? மழைத் தண்ணீர் வாசலில் நின்றது. காருக்கும் இடம் வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு டிராக்டர் நிலக்கரிச் சாம்பலை மரத்தடி வரை பரப்பி, தண்ணீர் தெளித்து, இடித்துச் சமன் செய்தேன். தரை என்னமாய் இருந்தது தெரியுமா! விழுந்த சருகைக்கூட விடாமல் பெருக்கிக் கொளுத்தினேன்.

அஞ்சலை மண்வெட்டியால் ஒரு போடு போட்டார். டங்! சாம்பல் சிமெண்ட் மாதிரி பாளமாகப் பெயர்ந்தது. கீழே மண் வெளுத்துக் கிடந்தது. ஒரு மண்புழு இல்லை. முந்தின நாள் பெய்த மழையின் ஈரம்கூட இல்லை!

மரத்துக்கு நோய் என்று நினைத்தேனே... அந்த நோயே நான்தானா?

"வேருக்கு மூச்சு வாணாமா? சருவையும் கொளுத்திட்டா அது இன்னாத்த தின்னும்?" என்றார் அஞ்சலை. கோபத்தில் 'ங்க' கூட வரவில்லை.

"வெட்டவா, வேணாமா சார்?" என்றார் ரம்பக்காரர்.

"வேணாம்!" நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

மதியம் வரை வேரில் படாமல் பாளம் பாளமாகப் பெயர்த்தோம். மக்கிய எருவும் சருகும் பரப்பி, தண்ணீர் விட்டோம்.

"பொழைச்சா அடுத்த மழைக்குத் துளுக்குங்க. சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார் அஞ்சலை. கார் இப்போது ரோட்டில் நிற்கிறது. நிற்கட்டும்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் தெருவைப் பார்த்தேன். இன்னும் நாலு வாசல்களில் மரத்தின் உச்சி காய்ந்திருக்கிறது. நாலிலும் வழவழவென்று சாம்பல் தரை...

வீடு வீடாகப் போய் அந்த யோசனையைச் சொன்னது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்!