பெர்னார்டின் ஆலை

“தலையைக் கொஞ்சம் குனி ராசா” என்று என் பிடரியை அழுத்திவிட்டு, பெர்னார்ட் ஸ்கெல்டன் கத்தரியை அந்தரத்தில் நிறுத்துகிறார். “ரொட்டிக்காரன் ஆலையை வாங்கினது பட்டாளம் வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?” எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. “சரி, முதல்லேர்ந்து வர்றேன்.”

முதலிலிருந்து என்றால் அவருடைய கொள்ளுத்தாத்தா ஜோசையாவிலிருந்து. சாலைக்கு அந்தப் பக்கம், தார் பூசிய கறுத்த செங்கல் கோபுரமும் உச்சியில் வெங்காயம் போன்ற வெள்ளைத் தொப்பியுமாக நிற்கும், மாவரைக்கும் காற்றாலையைக் கட்டியவர் ஜோசையாதான் என்பது பெர்னார்டின் கட்சி. அதை ஓட்லிங் குடும்பம் ஏமாற்றிப் பறித்துக்கொண்டது. எப்படி என்பதுதான் வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு வாரம் சாராயக் கடையில் சீட்டாட்டம். மறு வாரம் நின்றுபோன கல்யாணம். அங்கிருந்து ஆலை ரொட்டிக்காரனிடம் போனது. சண்டைக் காலத்தில் பட்டாளம் உச்சியில் ஏறி விமானம் வருகிறதா என்று பார்த்தது. பிறகு ஒருவர் புறா வளர்த்தார். லண்டனிலிருந்து வந்த தம்பதி அதை வீடாக்கப் பார்த்தார்கள். வட்டமான சுவரில் அலமாரி எதுவும் ஒட்டி நிற்காததால் விட்டுவிட்டுப் போனார்கள். கடைசியாக ஒரு கம்பெனி வாங்கியது. கம்பெனி காணாமல் போய்விட்டது.

“அத்தனை கை மாறின பிறகும் உங்களுது எப்படி?” என்று ஒருமுறை கேட்டேன்.

“திருடின சட்டையைப் பத்துப் பேர் மாத்தி மாத்திப் போட்டா, அது பத்தாவது ஆளோட சட்டையாயிடுமா ராசா?”

இந்த மார்டில்பி ஊரில் நான் மருந்துக்கடை வைத்து, இங்கேயே நரைத்துவிட்டேன். வெட்டும் முடியெல்லாம் அவரிடம்தான். “எப்படி வெட்டட்டும்?” என்று அக்கறையாகக் கேட்பார். சொல்வதை முழுக்கக் காதில் வாங்கிக்கொள்வார். பிறகு ஊரில் எல்லோருக்கும் வெட்டுவதையே நமக்கும் வெட்டுவார். அவருடைய கம்பளிச் சட்டைப் பையில் ஒரு சீப்பும் பாதி கடித்த பிஸ்கட்டும் எப்போதும் இருக்கும். தேநீர் போட்டுச் சன்னல் விளிம்பில் வைத்து மறந்துவிடுவார். ஆறியதைப் பூந்தொட்டியில் கொட்டுவார். செடி கொழுத்துக் கிடக்கிறது. ஆலைக் கதை சிக்கலாகிவிட்டால் மறுபடி ஜோசையாவுக்குப் போய்விடுவார், கத்தரியும் கூடவே போகும். கதை நீண்டால் முடி குறையும்.

போன மாசிக் குளிரில், வடகடல் பக்கமிருந்து அடித்த புயல் ஆலையின் ஓர் இறக்கையை முறித்துப் பேருந்து நிறுத்தத்தின் மேல் போட்டது. பேருந்து வழக்கம்போல் தாமதம் என்று ஊருக்கே தெரியுமாதலால் அங்கே யாரும் நிற்கவில்லை. அப்பளம்போல் நொறுங்கிய கூரையைப் பார்க்க மாவட்ட அதிகாரிகள் வந்தார்கள். ஆலைக்குச் சொந்தக்காரர் யாரோ அவர் பொறுப்பேற்க வேண்டும். சொந்தக்காரர் இல்லையென்றால் இடித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். தலைமை, ஊர் மன்றத் தலைவி கேட்லி அம்மாள்.

“சொந்தக்காரங்க யாராவது இருந்தா எழுந்திருங்க.”

நாற்காலி ஒன்றுகூடக் கிறீச்சிடவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “என்னப்பா பெர்னார்ட், நாற்காலியில உக்கார வச்சா என் ஆலை என் ஆலைன்னு காதைக் கடிப்பியே. இப்ப பல்லுல மிட்டாய் ஒட்டிக்கிச்சா?”

மண்டபம் சிரித்தது. காது சிவக்க எழுந்தார் பெர்னார்ட். “என்னுதுதான். ஆனா ஏமாத்தி எடுத்துக்கிட்டது ஓட்லிங் குடும்பம். அவங்களைக் கேளுங்க.”

அதே வரிசையின் மறு கோடியில், பீட்ரூட் பயிரிட்டு ஓய்ந்த ஹெர்பர்ட் ஓட்லிங் கைத்தடியை ஊன்றி எழுந்தார். இரண்டு குடும்பமும் பேச்சுவார்த்தை விட்டுத் தலைமுறைகள் ஆகின்றன. பெர்னார்டைப் பார்த்து அவர் பேசியதை அன்றுதான் ஊர் கேட்டது.

“நாங்க எடுத்தோமா? உங்க ஜோசையா எங்க ஆலையில கூலிக்கு மாவரைச்ச ஆளுய்யா! அவர்தான் அமுக்கிட்டார்னு எங்கம்மா சாகற வரைக்கும் அழுதாங்க. அதோட பத்திரம் உங்ககிட்ட இருக்குன்னுதானே நான் இவ்வளவு நாளும் வயிறு எரிஞ்சுக்கிட்டிருந்தேன்!”

“எங்ககிட்ட இல்லையே” என்றார் பெர்னார்ட்.

“எங்ககிட்டயும் இல்ல.”

“இல்லல்ல, உங்களுதுதான்.”

“சும்மா இருங்க, உங்களுதேதான்.”

என்னுது என்னுது என்று காலமெல்லாம் கறுவிய இரண்டு வீடுகளும் ஆலையை ஒருவர் மடியிலிருந்து இன்னொருவர் மடிக்குத் தள்ளிக்கொண்டிருந்தன. கேட்லி அம்மாள் கரண்டியால் கோப்பையைத் தட்டினார்.

“யாருதும் இல்லையா? சரி, இடிச்சுடலாம்.”

“இடிக்கக் கூடாது!” இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். கத்திவிட்டு ஒருவரையொருவர் திகைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

“அப்ப ஒண்ணு செய்ங்க. எங்களுக்கு ஏதாவது உரிமை இருந்தா அதை ஊருக்கே கொடுத்துடறோம்னு ரெண்டு பேரும் சொல்லுங்க. எப்படியும் ஒருத்தருது சரியா இருக்கும்.”

“இல்லாததை எப்படிம்மா கொடுக்கறது?” என்றார் பெர்னார்ட்.

“இவ்வளவு நாளும் இல்லாததைத்தானே வச்சிருந்தீங்க?”

ஹெர்பர்ட் கையைத் தூக்கினார். பெர்னார்டும் தூக்கினார், சட்டென்று இறக்கினார், ஹெர்பர்டின் கை இன்னும் மேலேதான் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு மறுபடி தூக்கினார். இருவரும் ஆளுக்கொரு முறை வாய்விட்டுச் சொன்னார்கள்.

அதன் பிறகு கடையில் ஆலைப் பேச்சே இல்லை. கத்தரிச் சத்தம் மட்டும். அந்த மாதம் என் காதோரத்தில் வேண்டிய அளவு முடி மிஞ்சியது. சீக்கிரம் முடிந்துவிடுகிறதே என்று ஊரில் எல்லோருக்கும் குறை.

ஒருநாள் சவரக் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “ராசா, அந்த ஹெர்பர்ட் பொய் சொல்ற ஆளாத் தெரியுதா?”

“அப்படித் தெரியலையே.”

“எங்கப்பாவும் பொய் சொல்ற ஆளில்ல.” கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “அப்ப யாரு யாரைத்தான் ஏமாத்தினாங்க? எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து ஒரு கோபம் இருந்துது. கடையைத் திறந்தா எதிர்ல அது நிக்கும். இப்பவும் நிக்குது. யார் மேல கோபப்படறதுன்னுதான் தெரியல.”

ஆலை இனி யாருக்குச் சேரும் என்று மாவட்டத்து வக்கீல்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கேட்லி அம்மாள் எல்லோரையும்விட உரக்கச் சொன்னார். எந்தச் சட்டப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியாத ஏதோ ஒரு வழியில் ஆலை ஊருடையதாயிற்று. புது இறக்கை வந்தது. கோபுரத்துக்குப் புதுத் தார் பூசினார்கள். கோடையின் தொடக்கத்தில், முதல்முறை சுற்றவிடும் நாளன்று, வரலாற்றைச் சொல்ல பெர்னார்டைத்தான் கூப்பிட்டார்கள். வேறு யார் சொல்வது?

கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்று தொண்டையைச் செருமினார். “இந்த ஆலையைக் கட்டினது...”

முதல் வரிசையில் ஹெர்பர்ட் கைத்தடியின் மேல் மோவாயை வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கட்டினது...” பெர்னார்ட் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். “நல்லாக் கட்டியிருக்காங்க” என்றார்.

அவ்வளவுதான் வரலாறு. மேலே இறக்கைகளைப் பிடித்திருந்த தடையை விட்டார்கள். இறக்கைகள் முனகி, தயங்கி, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் தலைக்கு மேல் வரத் தொடங்கின. சனம் கைதட்டியது. பெர்னார்ட் தட்டவில்லை. பின்னால் நகர்ந்து, கோபுரச் சுவரில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டார்.

“யோவ், தார் காயலை!” என்று பூச்சுக்காரர் கத்தினார்.

கையை எடுத்துப் பார்த்தார். முழுக்கக் கறுப்பு. எங்கே துடைப்பதென்று தெரியாமல், அந்தக் கை தன்னுடையது அல்ல என்பதுபோல் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஹெர்பர்ட் எழுந்து வந்தார். கோட்டுப் பையிலிருந்து, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து உதறி, பெர்னார்டின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, விரல் விரலாகத் துடைக்க ஆரம்பித்தார்.