அனுமதிப் பட்டியலில் ஒரு பெயர்

திங்கட்கிழமை காலை, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. புவனேஸ்வரியின் தங்கை பேசினார். “குமார் அண்ணே, அக்கா போயிட்டாங்க.” எங்கே என்று கேட்டேன். அப்படியொரு மடையன் நான்.

உங்களில் பலர் புவனேஸ்வரியை வரன் தேடும் இணையத்தள அலுவலகத்தில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து தொடங்கியது அது. அரசாங்க வேலையில் இருபது வருடம் தட்டச்சு செய்தவர், தொண்ணூறுகளின் கடைசியில் இணையத்தளம் ஓடும் சர்வருக்கு விதி எழுதக் கற்றுக்கொண்டார். பெண்களின் படங்களும் தொலைபேசி எண்களும் இருந்த பகுதிக்கு அவர்தான் பூட்டுப் போட்டார். எல்லாரையும் தடு, பட்டியலில் பெயர் உள்ளவரை மட்டும் அனுமதி என்பதுதான் விதி. தடு, அனுமதி என்று ஆங்கிலத்தில் இரண்டு சொல், நடுவே ஒரு காற்புள்ளி. தட்டச்சுப் பழக்கத்தில் காற்புள்ளிக்குப் பின் ஓர் இடம் விட்டார், தளமே படுத்துவிட்டது. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டபின் கண்டுபிடித்தோம். “கவர்மெண்ட் ஆபீஸ்ல இடம் விடலைன்னா திட்டுவாங்க. இவன் என்னடான்னா விட்டா படுத்துக்கிறான் லா!” என்று விழுந்து விழுந்து சிரித்தார். விதியை அச்செடுத்து, ஓரத்தில் பென்சிலால் ‘இடம் விடாதே’ என்று எழுதிச் சுவரில் ஒட்டினார்.

பட்டியலில் மூன்று பெயர்கள் இருந்தன. அவர், நான், கிள்ளானிலிருந்து வேலை செய்த இன்னொருவர். அந்த மூன்றாமவர் வேலையை விட்டபோது, “பேரை எடுத்துடவா?” என்று புவனா கேட்டார். மிச்ச வேலையை முடிக்க ஒரு வாரம் வேண்டும் என்று அந்த ஆள் கேட்டிருந்தார். “பாவம், நம்ம ஆளுதானே, இருக்கட்டும்” என்றேன். சொன்னது நான்தான். அதை இங்கே எழுதாமல் போனால் இந்த அஞ்சலிக்கு அர்த்தமில்லை.

அடுத்த மாதம் செலாயாங் சந்தையில் காய்கறி விற்கும் ஒருவர் படியேறி வந்தார். அவர் மகளின் படமும் எண்ணும் யார் யார் கையிலோ போய்விட்டிருந்தன. முகம் தெரியாத ஆண்கள் நாள் முழுக்கக் கூப்பிட, பெண் வேலைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். அவர் கையில் ஒரு காலி உறை இருந்தது. “தங்கச்சி, புள்ள படத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க. வேற ஒண்ணும் வேணாம்.” புவனா மேசை இழுப்பறையிலிருந்து அவர் கொடுத்திருந்த படத்தை எடுத்து உறையில் போட்டுக் கொடுத்தார். “அவ்வளவுதானே? வேற காப்பி எங்கயும் இல்லையே?”

புவனா இழுப்பறையை மூடினார். மூன்றாவது பெயரில் படங்கள் வெளியே போனது தெரிந்து, அதை அன்று காலைதான் எடுத்திருந்தோம், போலீசிலும் சொல்லியிருந்தோம். வெளியே போன படங்களை எங்கே போய்ப் பிடிப்பது? அவர் எங்களுக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

“குமார், இனிமே யார் போனாலும் அன்னைக்கே பேரை எடுத்துடணும். நீங்களா இருந்தாலும் சரி, நானா இருந்தாலும் சரி,” என்றார் புவனா. உங்களால்தான் என்று ஒருநாளும் சொன்னதில்லை. திட்டியிருக்கலாம். மாதம் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போன் செய்து, “புள்ள எப்படி இருக்கு அண்ணே?” என்று விசாரிப்பார். ஒருநாள் அந்த எண்ணும் வேலை செய்யவில்லை. மறுமாதமும் அதே எண்ணை அழுத்திப் பார்த்தார்.

இறுதிச் சடங்கு முடிந்து அலுவலகம் வந்து பட்டியலைத் திறந்தேன். அவர் பெயரைப் பார்த்தேன், மூடிவிட்டேன். மறுநாளும் அப்படியே. இருந்தால்தான் என்ன, அந்தப் பெயரில் யார் உள்ளே வரப்போகிறார்கள் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த மூன்றாமவர் பெயருக்கும் இப்படித்தான் ‘இருக்கட்டும்’ என்றேன். வியாழக்கிழமை காலை எடுத்துவிட்டேன். அன்றைக்கே எடுக்கச் சொன்னீர்கள், புவனா. மூன்று நாள் ஆகிவிட்டது, மன்னித்துவிடுங்கள்.

அவருடையதாக என்னிடம் இருப்பது சுவரில் அந்தப் பென்சில் எழுத்தும், அவர் வைத்த அந்த ஒரு கட்டுப்பாடும்தான். பட்டியலில் இப்போது என் பெயர் மட்டும் இருக்கிறது. நான் போனால் அன்றைக்கே அதை எடுக்க யாருமில்லை.