தேரைத் தொட்டி

திண்டிவனத்தில் நாங்கள் வீடு கட்டியபோது, சுவருக்கு நீர் ஊற்றக் கொத்தனார் கொல்லையில் ஒரு செங்கல் தொட்டி கட்டினார். பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. குடிபோனதும் அதை உடைத்துவிடுவதுதான் வழக்கம். நான் உடைக்க விடவில்லை. கிளியனூர் ஏரியிலிருந்து ஒரு அல்லிக் கிழங்கைக் கொண்டுவந்து போட்டேன். ஏறி இறங்க வசதியாக உள்ளேயும் வெளியேயும் கற்களை அடுக்கினேன். முதல் மழைக்கே தவளைகள் வந்துவிட்டன. யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை.

தவளைகள் கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு தண்ணீரில் கிடக்கும். தேரைகள் வேறு ரகம். பகலெல்லாம் கல்லிடுக்கில் தூங்கிவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் கொல்லை பல்புக்கடியில் வந்து உட்காரும். பூச்சி விழும். நாக்கு நீண்டது தெரியாது, பூச்சியைக் காணோம். விழுங்கும்போது கசாயம் குடிக்கிறவர் மாதிரி கண்ணை இறுக மூடிக்கொள்ளும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு இதைவிடப் பெரிய பொழுதுபோக்கு வேண்டியிருக்கவில்லை. "டிவி ரிப்பேரானாகூட உங்களுக்குத் தெரியாது" என்பாள் என் மனைவி.

ஒரே மகளை விழுப்புரத்தில் கொடுத்திருக்கிறோம். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அவளை அழைத்துவந்தபோது மாப்பிள்ளையின் அம்மாவும் கூட வந்தார். கை கழுவக் கொல்லைக்குப் போனவர் போன வேகத்தில் திரும்பினார்.

"இன்னாங்க சம்பந்தி, தேரைய வளத்துக்கினு இருக்கீங்க? பச்சக் கொயந்த வர்ற ஊடுங்க இது!"

தேரை மேலே பட்டால் குழந்தை இளைத்து எலும்பும் தோலுமாகிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தொட்டியை மூடுங்கள், இல்லையென்றால் பிரசவம் விழுப்புரத்தில்தான் என்று சொல்லிவிட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மனைவி பார்த்த பார்வையில் அதை விழுங்கினேன். முதல் பேரக்குழந்தை, அது எங்கள் வீட்டுக்கு வராமல் போவதா? மூடிவிடுகிறேன் என்றேன்.

ஒரு டிராக்டர் மண்ணுக்குச் சொல்லியும் வைத்தேன். அதற்குள் நல்ல மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் தொட்டிக்குள் கருமணி கோத்த நூல் மாதிரி தேரை முட்டைகள். சில நாட்களில் தண்ணீரே கறுத்துப்போகும்படி தலைப்பிரட்டைகள். மகள் வீங்கிய கால்களோடு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிராக்டர்காரர் போன் செய்தபோது எனக்கு முன்னால் அவளே எடுத்தாள்.

"இப்ப வேணாண்ணா. இதுங்களுக்கு இன்னும் காலுகூட மொளைக்கல."

அவருக்கு என்ன புரிந்ததோ, "சரிம்மா, ஒடம்பப் பாத்துக்கோ" என்று வைத்துவிட்டார்.

பின்னங்கால் வந்தது, முன்னங்கால் வந்தது, வால் கரைந்தது. நகத்தளவு தேரைக்குஞ்சுகள் செம்பருத்திக்கு அடியில் போய்ச் சேர்ந்த வாரமே பேத்தி பிறந்தாள். எடை குறைவு என்றார் டாக்டர். இனி இவள் தேறாவிட்டால் பழி முழுக்க நான் மூடாமல் விட்ட தொட்டி மீதுதான். எடை மெஷினில் அவளைப் படுக்க வைக்கும்போதெல்லாம் எண்ணை இரண்டு முறை படித்தேன். சம்பந்தியை மனசுக்குள் கிண்டல் செய்த நானே கொல்லைக் கதவின் கீழ் இடுக்கில் கோணிப்பையைச் சுருட்டி அடைத்தேன். என் பகுத்தறிவெல்லாம் அந்த மெஷின் வரைக்கும்தான்.

பேத்தி பால் குடித்தாள், தூங்கினாள், மறுபடி குடித்தாள். ஐப்பசி மழையில் கொல்லை முழுக்கத் தவளை, தேரைகளின் கச்சேரி. அந்தச் சத்தத்திலும் அவள் தூளியில் அசையாமல் தூங்கினாள். மூன்றாம் மாதம் அழைத்துப்போக சம்பந்தியம்மா வந்தபோது பேத்தியின் தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை. குழந்தையைத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். கொல்லைப் பக்கமும் ஒரு பார்வை பார்த்தார். 'பார்த்தீர்களா' என்று கேட்டுவிடாமல் இருக்க நான் பட்ட பாடு என் மனைவிக்குத்தான் தெரியும்.

அவர்கள் போன வாரமே ஒரு சாயங்காலம் போன் வந்தது. சம்பந்தியம்மாதான். பின்னால் பேத்தி வீறிட்டு அழும் சத்தம்.

"ஒன்னும் இல்லீங்க, நல்லாத்தான் கீறா. தூங்கத்தான் மாட்டேன்றா, ஒரே பேஜாரு. இங்க சத்தம் இல்லாததாலதான்னு உங்க பொண்ணு சொல்லுது. அந்தத் தொட்டிகிட்ட போனைக் கொஞ்சம் புடிக்கிறீங்களா?"

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். காலடிச் சத்தம் கேட்டதும் அத்தனையும் கப்சிப்.

"ஆள் வந்தா கொஞ்ச நேரம் கத்தாதுங்க" என்றேன் மெதுவாக.

"பரவால்லீங்க, லைன்லயே இருக்கேன்."

போனைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு ஈரத்தரையிலேயே உட்கார்ந்தேன். கல்லிடுக்கிலிருந்த ஒரு தேரை தொண்டையை உப்பிப் பார்த்து, சும்மா இருந்துவிட்டது. போனில் அழுகை நிற்கவில்லை. அதற்கு நடுவே சம்பந்தியம்மா பேத்தியிடம் சொல்வது கேட்டது.

"இரு கண்ணு, இரு. இப்ப தேரை பாடும் பாரு."