சுவர் ஓட்டையில் ஒரு பல்பு

எங்கள் சித்தப்பா கோடம்பாக்கத்து ஸ்டுடியோ ஒன்றில் லைட் தூக்குகிற வேலையில் இருந்தார். பகலெல்லாம் ஊருக்கே போதும் அளவு வெளிச்சத்தில் நிற்கிறவர், தேனாம்பேட்டை வீட்டுக்கு வந்தால் கரண்டையும் விறகையும் மிச்சம் பிடிக்கச் சொல்வார். பருப்பை ஊறப்போட்டு வேகவை, சட்டிக்கு மூடி போடு என்பார். எல்லாம் நியாயம்தான்.

கல்யாணமானதும் ஒரு காரியம் செய்தார். ஒன்றில் அவரும் சித்தியும், மற்றதில் நாங்களுமாக இருந்த இரண்டு அறைகளுக்கும் நடுச்சுவரில் ஒரு செங்கல்லைப் பெயர்த்து, அந்த ஓட்டையில் பல்பை மாட்டினார். "இன்னாத்துக்கு ரெண்டு பல்பு? ஒண்ணே ரெண்டு ரூமுக்கும் போதும்" என்றார். அப்பா மெச்சிக்கொண்டார். சுவிட்சு மட்டும் சித்தப்பாவின் பக்கம்.

எனக்கு அஞ்சாம் வகுப்புப் பரீட்சை. தேறினால்தான் மேலே படிப்பு என்று அப்பா சொல்லியிருந்தார். நான் வகுத்தல் கணக்கில் பாதியில் இருப்பேன், ஏழரைக்கே விளக்கு அணைந்துவிடும். கதவைத் தட்டினால், "கரண்டு மிச்சம் கண்ணு, காலைல படி" என்று குரல் வரும். கல்யாணத்துக்கு முன்பு பத்து மணிவரை பத்திரிகை படித்தவர் அவர்!

மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. காலையில் தெருக் குழாயடியில் அத்தனை பேர் முன்னால் சித்தியைப் பார்த்துக் கத்தினேன்: "ஏழரைக்கே லைட்ட அணைச்சிட்டா நான் எப்டி படிக்கிறது?"

குடங்களெல்லாம் குலுங்கின. "இன்னாம்மா புதுப்பொண்ணு, உங்க வூட்ல கரண்டு நல்லா மிச்சமாவுது போல!" என்றாள் ஒருத்தி. சித்தி பாதிக் குடத்தோடு ஓடிப்போனாள். சித்தப்பாவின் கஞ்சத்தனத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள், நியாயம் என் பக்கம் என்று நிமிர்ந்து நின்றேன். வீட்டுக்குப் போனதும் அம்மா தொடையில் கிள்ளியதுதான் மிச்சம். "பொட்டப்புள்ளைக்கு இன்னா வாயி!" அதோடு நாலு பேர் முன்னால் நான் வாய் திறப்பதே நின்றுபோனது.

விளக்கு அதன்பிறகும் ஏழரைக்கே அணைந்தது. கணக்கில் நான் தேறவில்லை. படிப்பு நின்றது.

அடுத்த வருஷம் சித்திக்குக் குழந்தை பிறந்தது. தூளி கட்டியது எங்கள் அறையில். இருட்டில் அழுகிறது என்று சித்தப்பா அன்றைக்கே இன்னொரு பல்பு வாங்கி எங்கள் அறையில் மாட்டினார். அதன் கீழே உட்கார்ந்து நான் தூளி ஆட்டினேன்.

குழாயடியில் ஏன் சிரித்தார்கள் என்பது எனக்குக் கல்யாணமானபோது விளங்கிவிட்டது. அந்தப் பல்பு ஒரு வருஷம் முன்னால் ஏன் வரவில்லை என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.