மரிவோன் சாகாத நாடகம்

பிரான்சில் துவார்னெனே துறைமுகத்தில் மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலை. அங்கே அம்மா பெரினுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தாள் மரிவோன். இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திக் குரல் தடித்துப்போயிற்று. பாரிஸ் நடிப்புப் பள்ளியில் சேரப் போனபோது அந்தக் குரலைக் கேட்டவர்கள், "கரையில நின்னு படகைக் கூப்பிடற மாதிரி இருக்கும்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். மறு வருஷமும் போனாள். மறுபடியும் படகு என்றார்கள்.

பேச வேண்டாத வேடம் ஒன்று கிடைத்தது: பிணம். ஒரு சின்ன அரங்கில் முதல் காட்சி முழுக்கச் சோபாவில் கிடக்க வேண்டும். அவள் கிடந்த விதத்தைப் பார்த்து, முன்வரிசையில் இருந்த மருத்துவர் ஒருவர் பதறி எழுந்துவிட்டார். அடுத்த நாடகத்தில் அவளைப் பேசவிட்டுக் கடைசியில் சாகவைத்தார்கள். பத்திரிகைகள் எழுதின. சினிமாக்காரர்கள் வந்தார்கள்.

அதன்பிறகு மூச்சுவிட நேரமில்லாமல் செத்தாள். காசநோயில், பிரசவத்தில், பனியில், காதலன் சுட்டு. அந்தத் தடித்த குரல் கடைசியில் உடைவதைக் கேட்கவே ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள். விருதுகள் வந்தன.

பெரின் இரண்டாவது படத்தோடு பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள். "எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. எத்தனை தடவைடி உன்னை மண்ணுல வைக்கிறது?" என்றாள் தொலைபேசியில்.

"அது நடிப்பும்மா."

"தெரியுது. ஆனா எனக்கு அழுகை நிஜமா வருதே."

ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்து வீட்டுக்காரிகள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு துக்கம் விசாரிக்க வருவார்கள். பெரின் காபி கொடுத்து அனுப்புவாள்.

அறுபதை நெருங்கும்போது மரிவோன் நாடக இயக்குநர் ஒஸ்மோனிடம், நாலு கணவர்களை அடக்கம் செய்யும் விதவை வேடத்தைக் கேட்டாள்.

"நீங்க சாகலேன்னா யாரு மேடம் வருவா?"

"எங்கம்மா வருவாங்க."

வந்தாள். மடியில் வெண்ணெய்க் கேக் பொட்டலம், தலையில் ஊர் வழக்கப்படி கட்டிய, கழற்றாத துணி, முன்வரிசை. முதல் மூன்று கணவர்கள் போனதைத் திருப்தியாகப் பார்த்தாள். நாலாமவனாக நடித்த இளைஞன் நெஞ்சைப் பிடித்தான், நாற்காலியைத் தள்ளினான், விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான்.

"சீக்கிரம் போய்ச் சேருப்பா! எம்பொண்ணு பேச வேண்டியிருக்கு!"

ஆலைக்குரல். பால்கனிவரை கேட்டது. இளைஞன் உடனே செத்தான்.

மரிவோன் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. நிற்கவே இல்லை. அதைத் துக்கம் என்றே நினைத்து மறுநாள் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின.

ஒப்பனை அறையில் பெரின் கேக்கைப் பிரித்து வைத்தாள். "சத்தம் போட்டுட்டேனாடி?"

"கொஞ்சம்."

"அந்தப் பையனுக்கும் ஒரு துண்டு குடு. பாவம், வேர்த்துக் கொட்டுது."

பெரின் ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு அந்த வாரம் முழுவதும் வந்தாள். இளைஞன் ஒவ்வொரு முறையும் அவள் இருக்கையைப் பார்த்துக்கொண்டே, ஒரே மூச்சில் செத்தான். ஒஸ்மோனுக்கு அது பிடித்துப்போய், அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னார்.