வெயில் காலத்து அட்டை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை அது. வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் அறை ஒன்றில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், பக்கவாதத்தில் விழுந்த அப்பா என்று ஐந்து பேர் இருந்தோம்.

வேலை செய்ய முடியாதவர் என்று செக்ரோல் பதிவேட்டில் அப்பாவின் பேரை வெட்டிவிட்டார்கள். பேர் போனதும் சம்பளமும் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்து பறித்துத்தான் அவருக்குப் பாலும் தைலமும் வாங்கினோம். அந்த வருஷம் வெயிலில் கொழுந்து கருகி அந்த வேலையும் நின்றது. பால்காரரைக் கண்டால் நான் தேயிலைச் செடிக்குள் குனிந்துகொள்வேன்.

அட்டன் டவுன் புடவைக் கடையில் வேலை பார்த்த என் தம்பியோ, மாதம் ஒரு தரம் திராட்சையோடு வருவான். அப்பா உடனே பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுவார். “எம் மவன் வாங்கியாந்தத பாத்தியா!”

அப்போ தினமும் குளிப்பாட்டி விடுகிற நான் யார்? தோட்டத்துத் தண்ணீர்க் குழாயா? எனக்கு வயிறு எரியும்.

அன்றைக்குத் தம்பி ஒரு ஸ்வெட்டரும் கொண்டுவந்தான். அப்பா அதைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

“அவ்வளவு பாசம்னா கூட்டிட்டே போயேன்!” என்றேன்.

தம்பி பின்வாங்குவான் என்று நினைத்தேன். “சரிண்ணே. கடைக்குப் பின்னால ஒரு ரூம் தாரேன்னு மொதலாளி சொல்லியிருக்காரு” என்றான் அவன். அப்பாவும், “சரி, போறேன்” என்றார்.

எனக்கோ வார்த்தையைத் திரும்ப வாங்க ரோஷம் விடவில்லை. மனைவி வேறு, “இனிமே யாரப் பாத்து வயிறு எரிவீங்க?” என்று அப்பாவின் துணிகளை மூட்டை கட்டினாள்.

கம்பளியைத் தடியில் தொட்டிலாகக் கட்டி அப்பாவை உட்காரவைத்தோம். நான் முன்னால், தம்பி பின்னால். அட்டன் பக்கம் போகிற ரயிலைப் பிடிக்க வேண்டும். எப்படியாவது அது போய்விடட்டும் என்று நான் நத்தையாக நடந்தேன். பிறகு, “அட்டை கடிக்குது” என்று நின்று காலைத் தடவினேன். கொஞ்ச தூரம் போனதும் இன்னோர் அட்டை. மூன்றாவது அட்டைக்குத் தடியை இறக்கியே வைத்துவிட்டேன்.

அப்பா தொட்டிலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். “மண்ணு வெடிச்சுக் கெடக்கு. இந்த வெயில்ல ஏதுடா அட்டை?”

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். மழையில்லாமல் அட்டை வராது என்பது பயத்தில் மறந்துபோயிற்று. தம்பி சிரித்த சிரிப்பில் தடி உருண்டது. கீழே ரயில் ஊதியது.

“போவாதீங்கப்பா” என்றேன். அப்புறம் அழுகையும் கோபமுமாகக் கொட்டினேன். “அவன் கொண்டாந்தத மட்டும் ஊருக்கெல்லாம் சொல்றீங்களே!”

“அவன் செய்யிறது மாசத்துல ஒரு நாளு, சொல்லிட்டேன். நீ செய்யிறத எப்பிடிடா சொல்றது? மூணு வேளையும் கூவிக்கிட்டே கெடக்கவா?” என்றார். பிறகு, “திருப்புங்கடா” என்றார்.

மேட்டில் ஏறும்போது எனக்கு ஒரு அட்டை கூட வரவில்லை. லயத்துக்கு வந்ததும் அப்பா பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, “எம் பெரியவன் என்னைய மலைமேல சொமந்துக்கிட்டு வந்துட்டான்!” என்றார்.

ரயிலை விட்டுவிட்டு, தோள்பட்டை சிவக்க நின்ற தம்பி முகத்தைப் பார்க்க வேண்டுமே. “நானுந்தானப்பா தூக்குனேன்!”

அடுத்த மாதத்திலிருந்து பால் செலவைத் தம்பி ஏற்றுக்கொண்டான். அப்பா அதையும் ஊருக்குச் சொன்னார். எனக்கு அதற்கும் கொஞ்சம் எரிந்தது. அப்பா போய்ப் பல வருஷமாகிவிட்டது. இன்றைக்கு எனக்கு யார் மேலாவது பொறாமை என்றால், அப்பாவின் பாரம் தோளை அழுத்த, ரயில் கிடைத்துவிடக் கூடாதே என்று பயந்து நடந்தானே ஒரு முட்டாள், அவன் மேல்தான்.