நாற்பத்திரண்டு கேள்விகள்

அலுவலகத்தில் எல்லோரும் அவளை 'சர்வே அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதை நிறுவனம் நிறுத்திப் பல வருடங்கள் ஆகியும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது அவளுக்கு ஜன்னலோரம் ஒரு நாற்காலி, ஒரு கணினி. சமூக வலைத்தளங்களில் ஒரு பொருளைப் பற்றி யார் என்ன எழுதினாலும் மென்பொருள் தேடி அள்ளிவந்து கொட்டும். பாராட்டா, புகாரா, தொடர்பில்லாததா என்று அதுவே முத்திரையும் குத்தும். சரியாகக் குத்தியிருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை.

அந்த வாரம் ஒரு முகப் பவுடர். அதன் பெயரைப் போட்டுத் தேடியதில் பெரிதாக ஒன்றும் சிக்கவில்லை. மேலாளர் உதட்டைப் பிதுக்கினார்.

"சார், வீடுகள்ல யாரும் அந்தப் பேரைச் சொல்ல மாட்டாங்க. நீல டப்பாம்பாங்க. அதைப் போட்டுப் பாருங்க."

போட்டார்கள். மடை திறந்தது போல வந்து விழுந்தது. பாதி பெயின்ட் டப்பா, பிஸ்கட் டப்பா. மீதியைப் படிக்கப் படிக்க அவளுக்குப் பழைய தெருக்கள் கண்முன் வந்தன. தோளில் துணிப்பை, கையில் கிளிப் அட்டை, அதில் நாற்பத்திரண்டு கேள்விகள். "ஒண்ணும் வேண்டாம்மா" என்றபடியேதான் கதவைத் திறப்பார்கள். "விக்க வரலைங்க, கேக்கத்தான் வந்தேன்" என்று இவள் சிரிப்பாள். கால் வலித்ததெல்லாம் மறந்துவிட்டது. அந்த வாசல்களின் பேச்சும் சிரிப்பும்தான் மிச்சம்.

'தொடர்பில்லாதது' என்று முத்திரை விழுந்த ஒரு பதிவில் அவள் கண் நின்றது.

"நான் ஆறாவது படிக்கும்போது நீல டப்பா பவுடர் பத்திக் கேக்க ஒரு அக்கா வந்தாங்க. அதுவரைக்கும் எங்க அம்மாகிட்ட 'உங்களுக்கு எது பிடிக்கும்'னு யாரும் கேட்டதில்ல. அம்மா ரெண்டு மணி நேரம் பேசினாங்க. கிளம்பும்போது அந்த அக்கா செருப்பு அறுந்துபோச்சு. அம்மா தன்னோட பச்சைச் செருப்பைக் கழட்டிக் குடுத்தாங்க."

அந்தப் பச்சைச் செருப்பு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரு சைஸ் பெரிய செருப்பு அது. திருப்பிக் கொடுப்பதற்குள் அவளை வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்கள்.

பதிவு போடுகிறவர்களோடு பேசக் கூடாது என்பது அலுவலக விதி. மேலாளரிடம் போய் நின்றாள்.

"சார், இதுல வர்ற அக்கா நான்தான்."

அவர் இரண்டு முறை படித்தார். "ஆபீஸ் பேரை இழுக்காம உங்க சொந்தக் கணக்குல இருந்து எழுதுங்க. நான் எதையும் பாக்கல."

எழுதினாள். பத்து நிமிடத்தில் "அக்கா! எப்ப வர்றீங்க?" என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜோடி புதுச் செருப்போடு போனாள். பதிவு எழுதிய மகள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அந்த அம்மாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா உனக்கு?" என்று கேட்டுவிட்டுச் செருப்பைப் போட்டுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. அந்தப் பவுடரை நான் வாங்கினதே இல்ல."

"என்னம்மா இது! டப்பா மூடி வரைக்கும் கருத்து சொன்னீங்களே!"

"முதல் கேள்வியே, 'நீங்க இதை வாங்குறீங்களா'ன்னுதானே கேட்டே? பக்கத்து வீட்ல இல்லைன்னதும் நன்றி சொல்லிட்டு நடையைக் கட்டினியே, பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நானும் இல்லைன்னா போயிருப்ப. அதான் புளுகினேன்."

மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"அப்ப நிஜமா உங்களுக்கு என்னதாம்மா பிடிக்கும்?"

"பஸ் ஓட்டணும்னு ஆசை. சின்ன வயசுலேர்ந்தே."

"எங்கிட்ட சொன்னதே இல்லையேம்மா!" என்றாள் மகள்.

"நீ எங்க கேட்டே?"

அடுத்த ஞாயிறு மூவரும் பஸ் ஏறினார்கள். அந்த அம்மா ஓட்டுநருக்குப் பின்னாலேயே உட்கார்ந்து, கடைசி நிறுத்தம் வரை போய் அதே பஸ்ஸில் திரும்பினார். ஒவ்வொரு வளைவிலும், ஓட்டுநர் திருப்புவதற்கு ஒரு நொடி முன்பே அவர் தோள் அந்தப் பக்கம் சாய்ந்தது.